பெயர் தெரியாத துணியில் என்ன நார்? வன்னியில் தைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சிச் சந்தையில் நிறுத்து விற்கும் வெட்டுத்துண்டு, ஆடைத் தொழிற்சாலையில் மிஞ்சி வெளியே வந்த சுருள், லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த பார்சலில் இருந்த இரண்டு யார், அம்மம்மாவின் பெட்டியில் மடித்துக் கிடந்த சீலை. வன்னியில் தையல் மேசைக்கு வரும் துணி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதில் லேபல் இருக்காது. அப்படியான துணியை வீட்டிலேயே சோதித்து அறிவதற்குத்தான் இந்தப் பக்கம். ஒரேயொரு சோதனையை நம்பித் துணியை வெட்டாதீர்கள். தொட்டு, நனைத்து, எரித்துப் பார்த்து மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் கத்தரிக்கோலை எடுங்கள்.

பார்க்க வடிவாக இருந்தால் தைக்கலாம்தானே, நார் எதுவென்று ஏன் தெரிய வேண்டும்?

தைக்கலாம். சிக்கல் தைத்து முடிந்த பிறகுதான் வரும். கழுவாத கொட்டன் துணி முதல் தோய்ச்சலில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 40 அங்குல நீளச் சட்டையில் 5 சதவீதம் என்றால் 2 அங்குலம் போய்விடும். பொலியெஸ்டர் அப்படிச் சுருங்காது. ஆனால் கொட்டனுக்கு வைக்கும் சூட்டில் அயன் பண்ணினால் மினுங்கும், அல்லது அயனில் ஒட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும் சாதாரணத் துணிச்சாயம் கொட்டனிலும், மரக்கூழிலிருந்து செய்யும் ரேயோனிலும் ஏறும், பொலியெஸ்டரில் ஏறாது. பற்றிக் செய்ய நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணத்தை நாங்கள் இவை எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறோம். இங்கே இன்னும் பல வீடுகளில் விறகடுப்பிலேயே சமையல் நடக்கிறது. பொலியெஸ்டரிலோ நைலோனிலோ தைத்த நைற்றியில் நெருப்புப் பிடித்தால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காயம் ஆழமாகும். கொட்டனும் எரியும், அதுவும் வேகமாக எரியும். ஆனால் உருகி ஒட்டாது. அடுப்படியில் நிற்பவருக்குத் தைக்கும் உடுப்பு கொட்டனாக இருக்கட்டும், கையும் கீழ்விளிம்பும் தொளதொளவென்று தொங்காமலும் இருக்கட்டும்.

கடைக்காரர் “சட்டின்”, “ஜோர்ஜெட்” என்று சொல்லித்தான் தந்தார். அது போதாதா?

போதாது. சட்டின், ஜோர்ஜெட், கிறேப், ஷிபோன், வெல்வெட், பொப்ளின், வொயில் எல்லாம் துணி நெய்யப்பட்ட விதத்தைச் சொல்லும் பெயர்கள். நார் எதுவென்று அவை சொல்லா. பட்டிலும் சட்டின் நெய்யலாம், பொலியெஸ்டரிலும் நெய்யலாம். இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சட்டினும் ஜோர்ஜெட்டும் பெரும்பாலும் பொலியெஸ்டர்தான். “ஆர்ட் சில்க்” என்றால் பட்டு இல்லை, ரேயோனோ பொலியெஸ்டரோதான். “மூங்கில் துணி” என்று வருவதும் அநேகமாக மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ். அதை ரேயோனாகவே நடத்துங்கள்.

நெருப்பு வைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு கையளவு துண்டை வெட்டி, சலவைத்தூள் போட்டுத் தோய்த்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள். புதுத் துணியில் கஞ்சி, மெழுகு, மிருதுவாக்கும் பூச்சு என்று ஏதாவது இருக்கும். கையும் தண்ணீரும் நாரைத் தொடாமல் அந்தப் பூச்சைத்தான் தொடும். வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. அதில் கட்டிச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தால் துணியில் வெள்ளைப் படிவு தங்கிச் சோதனையைக் குழப்பும். ஆகவே சலவைத்தூளே நல்லது. மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் கடைசி அலசலை அதில் செய்யுங்கள்.

காய்ந்த துண்டைக் கைக்குள் 10 விநாடி இறுக்கிக் கசக்கி விடுங்கள். லினன் கூர்மையாக மடிந்து அப்படியே நிற்கும். கொட்டனும் ரேயோனும் நன்றாகக் கசங்கும். பொலியெஸ்டரும் கம்பளியும் விரிந்துவிடும். பட்டு கொஞ்சம் கசங்கி மெல்ல மீளும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொட்டன் சில விநாடிகளில் உறிஞ்சும். சாதாரண பொலியெஸ்டரில் சொட்டு நிற்கும், அல்லது மேலே பரவும். விளையாட்டு ரீசேட்டுகளுக்கான பொலியெஸ்டர் மட்டும் விலக்கு. அது வியர்வையை இழுக்கவே செய்யப்பட்டது என்பதால் கொட்டனைப் போலவே உறிஞ்சும்.

எரித்துப் பார்க்க என்னென்ன வேண்டும்? எங்கே செய்வது?

எவர்சில்வர் தட்டு, அதில் அரை அங்குலம் மணல், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், நீளமான சாமணம், ஒரு லைற்றர். நெருப்புக்குச்சியிலும் செய்யலாம், ஆனால் குச்சியின் கந்தக மணம் முதலில் போகவேண்டும். மெழுகுதிரியும் அவ்வளவு நல்லதல்ல. மெழுகு மணமும் கரியும் துணியில் ஏறிப் பதிலை மாற்றும்.

கிடுகுக் கூரை, ஓலை வேலி, வைக்கோல், மண்ணெண்ணெய் எதற்கும் கிட்டச் செய்யாதீர்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்திலும் வேண்டாம். சுவர் உள்ள இடத்தில் யன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். தலைமயிரைக் கட்டுங்கள், சீலைத் தலைப்பையோ சோலையோ செருகுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். உருகிச் சொட்டும் பொலியெஸ்டர் துளி தோலில் விழுந்தால் உடனே உரிக்க வராது. ஓடும் தண்ணீருக்குக் கீழே 20 நிமிடம் பிடிக்க வேண்டும். புகையை மூக்கால் இழுக்காதீர்கள், கையால் விசிறி மணத்தை மட்டும் எடுங்கள். கம்பளிக்குப் பதிலாக வரும் செயற்கை நாரான அக்ரிலிக் எரியும்போது நச்சுவாயு வரும் என்பதால் துண்டு சிறிதாக இருப்பது மிக முக்கியம்.

துண்டை எப்படி எடுப்பது, எப்படிப் பிடிப்பது?

துணியாக எரிக்காமல் நூலாக உருவி எரியுங்கள். இதில்தான் அநேகர் பிழை விடுகிறார்கள். நெய்த துணியில் பாவு நூல் ஒரு நாராகவும் ஊடை நூல் வேறொரு நாராகவும் இருக்கலாம். துண்டாக எரித்தால் இரண்டும் கலந்து ஒரு பதிலும் வராது. கரைக்கு ஒட்டி நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டிலும் தனித்தனியே 10, 15 நூல்களை 3 அங்குல நீளத்துக்கு உருவி, சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள். கோடுபோட்ட துணியென்றால் ஒவ்வொரு நிறத்திலும் எடுங்கள். பின்னல் துணியில் நூல் உருவ வராவிட்டால் கால் அங்குல அகலம், 3 அங்குல நீளத்தில் ஒரு கீற்று வெட்டலாம்.

சாமணத்தால் ஒரு நுனியைப் பிடித்து மற்ற நுனியைப் பக்கவாட்டில் மெல்ல நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். சுடரைத் தொடும் முன் நூல் சுருண்டு பின்வாங்குகிறதா? சுடருக்குள் எரிகிறதா, உருகுகிறதா? வெளியே எடுத்ததும் தொடர்ந்து எரிகிறதா, தானே அணைகிறதா? என்ன மணம்? ஆறிய பிறகு மிச்சம் சாம்பலா, கட்டியா, விரலால் நசிகிறதா? ஒவ்வொன்றையும் அப்போதே எழுதி வையுங்கள். மிச்சத்தைத் தொடுமுன் ஒரு நிமிடம் பொறுங்கள்.

ஒவ்வொரு நாரும் எரிவதில் எப்படி வேறுபடும்?

கொட்டன் சுடர் பட்டதும் பற்றும், பின்வாங்காது. மஞ்சள் சுடருடன் எரிந்து, அணைத்த பிறகும் நுனியில் கங்கு ஓடும். கடதாசி எரியும் மணம் வரும். மிச்சம் மென்மையான சாம்பல்நிறத் தூள். லினனும் அப்படித்தான், பற்றுவதற்குக் கொஞ்சம் நேரமெடுக்கும், கங்கு நீண்ட நேரம் நிற்கும். ரேயோனும் கடதாசி மணம்தான். கொட்டனிலும் வேகமாக எரிந்து கங்கு இல்லாமல் முடியும், சாம்பல் மிகக் குறைவு. நெருப்பை மட்டும் வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முயலாதீர்கள். அதற்கு நனைத்து இழுக்கும் சோதனை இருக்கிறது.

பட்டும் கம்பளியும் சுடரைக் கண்டு சுருளும், சீறிச்சீறி மெல்ல எரியும், வெளியே எடுத்தால் பெரும்பாலும் தானே அணையும். மயிர் பொசுங்கும் மணம். மிச்சம் கறுப்பாக மணிபோல் தெரிந்தாலும் விரலால் நசித்தால் தூளாகிவிடும்.

பொலியெஸ்டர் சுடருக்கு முன்பே சுருங்கி உருகும், கறுத்த புகையும் கரித்தூசியும் எழும், மணத்தில் ஒருவித இனிப்பு இருக்கும். மிச்சம் கடினமான உருண்டை, நகத்தால் அழுத்தினாலும் நசியாது. நைலோனும் சுருங்கி உருகும். புகை குறைவு, வெளியே எடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். உருண்டை மங்கலான மண்ணிறம் அல்லது சாம்பல் நிறம், கடினம்தான். துணி கறுப்புச் சாயமென்றால் உருண்டையின் நிறத்தை நம்ப வேண்டாம்.

அக்ரிலிக் பற்றினால் நிற்காது. பொரிந்து, உருகி, கறுப்புப் புகையுடன் மூக்கை அரிக்கும் மணத்தில் எரியும். மிச்சம் ஒழுங்கற்ற கறுத்த கட்டி. அசிற்றேற்றில் வினாகிரி மணம் வரும். லைக்ரா (ரப்பர்போல இழுபடும் நார்) சேர்ந்த நூல் உருகி ஒட்டும்தன்மையான மிச்சத்தை விடும்.

இந்த மணங்களெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. எப்படி அடையாளம் காண்பது?

ஒப்பிட்டுப் பார்க்க நிச்சயமாகத் தெரிந்த பொருட்களை வைத்திருங்கள். புத்தகத்தில் மணத்தை வாசித்து அறிவதைவிட இது பலமடங்கு பயன் தரும், காசும் தேவையில்லை. கடதாசிக் கீற்று எரிந்தால் கொட்டனுக்கும் ரேயோனுக்கும் உரிய மணம். உங்கள் தலைமயிர் இரண்டு இழை பட்டுக்கும் கம்பளிக்கும். வெறும் தண்ணீர்ப் போத்தல் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கும் பொலியெஸ்டர் நாரும் வேதியியலில் ஒரே பொருள். போத்தலில் மெல்லிய கீற்று வெட்டி எரித்தால் அதே புகை, அதே மணம், அதே கடினமான உருண்டை. கொட்டனுக்கு விளக்குத்திரி நூல், நைலோனுக்கு முல்லைத்தீவுக் கரையில் கழித்துவிட்ட மீன்வலை நூல். வலை நூலில் ஒரு கவனம் வேண்டும். சில வலைகளும் கயிறுகளும் பொலித்தீன் வகை. வெறும் தண்ணீரில் மிதந்தால் அது நைலோன் இல்லை.

முதலில் இவற்றை எரித்து மூக்கைப் பழக்கிவிட்டுத் துணிக்கு வாருங்கள். ஒரே அமர்வில் பல மாதிரிகளை எரித்தால் மூக்கு மரத்துவிடும். நான்கைந்துடன் நிறுத்தி வெளியே போய்க் காற்று வாங்குங்கள்.

கொட்டனா ரேயோனா என்று எப்படிப் பிரிப்பது?

நூலொன்றை 6 அங்குலம் உருவி, நடுவில் ஒரு அங்குலத்தை மட்டும் தண்ணீரால் நனையுங்கள். இரு நுனியையும் பிடித்துச் சீராக இழுங்கள். நனைந்த இடத்தில் சட்டென்று அறுந்தால் ரேயோன். காய்ந்த இடத்தில் அறுந்தால் கொட்டன் அல்லது லினன். ரேயோன் நனைந்தால் அதன் பலத்தில் ஏறத்தாழ பாதியை இழக்கும், கொட்டன் நனைந்தால் இன்னும் பலமாகும். அதனால்தான் இந்தச் சோதனை வேலை செய்கிறது. ஐந்து நூலாவது பாருங்கள். நூலில் மெலிந்த இடம் இருந்தால் அது எங்கே நனைந்தாலும் அங்கேதான் அறும்.

மோடல், லயோசெல் என்ற ரேயோன் உறவுகள் ஈரத்தில் அவ்வளவு பலவீனமாகா. எரிவது கொட்டன்போல, கை வழுவழுப்பு, நல்ல தொங்கல், ஆனால் நனைந்த இடத்தில் அறவில்லை என்றால் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

தைப்பவருக்கு இதனால் என்ன? ரேயோன் சட்டையைத் தோய்க்கும்போது முறுக்கிப் பிழிந்தால் தையல் வாயில் கிழியும். கல்லில் அடித்துத் தோய்ப்பவருக்குத் தைத்துக் கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். தையல் இடம் அரை அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு ஓவர்லொக் போடுங்கள். ரேயோன் கொட்டனிலும் கூடச் சுருங்கும், ஈரமாகத் தொங்கவிட்டால் பாரத்தில் நீளவும் செய்யும். வெட்டும் முன் தோய்த்துப் படுக்கைவாக்கில் காயவிடுங்கள்.

பொலியெஸ்டரும் நைலோனும் ஒன்றுபோலவே உருகுகின்றனவே?

உப்புத்தண்ணீரில் பிரிக்கலாம். ஒரு கப், அதாவது 200 மில்லிலீற்றர் தண்ணீரில் 75 கிராம் அளவு உப்பைப் போட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் மிஞ்சும்வரை கலக்குங்கள். ஆனையிறவு உப்பானால் கல்லுப்பைப் பொடித்துப் போடுங்கள், சீக்கிரம் கரையும். தெளிந்த நீரைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றுங்கள். இந்த நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. நைலோனின் அடர்த்தி 1.14, பொலியெஸ்டரின் அடர்த்தி 1.38. ஆகவே நைலோன் மிதக்கும், பொலியெஸ்டர் தாழும்.

பிழை எங்கே வரும் என்றால் காற்றுக்குமிழில். நூலைக் கால் அங்குலத் துணுக்குகளாக வெட்டி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்ட அதே உப்புநீரில் வைத்துக் கரண்டியால் அழுத்திக் குமிழை வெளியேற்றுங்கள். கட்டிச் சவர்க்காரம் உப்புநீரில் திரிந்துவிடும், அது வேண்டாம். வெறும் தண்ணீரில் முன்பே நனைத்தும் போடாதீர்கள். உள்ளே தங்கிய நல்ல தண்ணீர் துணுக்கைத் தூக்கிவிடும். 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். பக்கத்துக் கிளாசில் அதே உப்புநீரை ஊற்றி, நைலோன் என்று தெரிந்த வலை நூல் துணுக்கு மிதப்பதையும் தண்ணீர்ப் போத்தல் துணுக்கு தாழ்வதையும் கண்டால் நீர் சரியாக இருக்கிறது என்று துணியலாம். அக்ரிலிக்கின் அடர்த்தி 1.17, அதுவும் மிதக்கக்கூடும். ஆனால் அதை எரிவதிலேயே கண்டுவிடலாம்.

துணி நூல் வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் அது பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன். கடைகளில் தரும் தைத்த பைகள் பல அந்தப் பொருள்தான். அதன் உருகுநிலை 165 பாகை செல்சியஸுக்கு அண்மையில் என்பதால் அயனைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கூறைச் சீலை உண்மையான பட்டா என்று சேதமில்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். தலைப்பின் வெட்டு ஓரத்தில் தொங்கும் நூல்கள் பாவு. அதில் சில, பிறகு அந்த ஓரத்துக்கு அருகில் குறுக்கே ஓடும் ஊடை நூல்கள் சில, கரையிலுள்ள சரிகை ஒரு இழை. மூன்றையும் தனியாக எரிக்க வேண்டும். பாவு பட்டாகவும் ஊடை பொலியெஸ்டராகவும் நெய்த சீலைகள் உண்டு. பாவை மட்டும் பார்த்து “பட்டுத்தான்” என்று சொல்லிவிட்டால் அந்தச் சீலையைப் பாவாடை தாவணியாக வெட்டும் ஒருவர் ஏமாறுவார். சாமத்தியவீட்டுக்காகப் பழைய கூறையை வெட்டித் தைப்பது இங்கே வழக்கம். அந்த ஒரு துணிக்கு மாற்றும் இல்லை. ஆகவே வெட்டும் முன் இந்த மூன்று இழைகளையும் பாருங்கள்.

மயிர் மணமும் நசியும் மிச்சமும் வந்தால் பட்டு. கடதாசி மணம் வந்தால் ரேயோன் அல்லது கொட்டன். உருகினால் செயற்கை. எரித்த பிறகும் நூலின் உருவம் அப்படியே சாம்பல் வலைபோல நின்றால் பாரம் கூட்ட உலோக உப்பு ஏற்றிய பட்டாக இருக்கலாம். அப்படிப்பட்டது மடிப்பில் வெடிக்கும். மடிப்பு விழுந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுங்கள். சரிகை உருகிச் சுருண்டால் அது பிளாஸ்டிக் சரிகை, சூடான அயன் பட்டால் சுருங்கும். மோதிரத்துக்குள்ளால் இழுத்துப் பார்ப்பது, கையில் தேய்த்துச் சூடு பார்ப்பது போன்றவை மெல்லிய பொலியெஸ்டரிலும் நடக்கும். அவற்றை நம்ப வேண்டாம்.

கலப்புத் துணியை எப்படி அறிவது? விகிதம் தெரியுமா?

கடதாசி மணத்துடன் எரிந்து சாம்பலுக்குள்ளே கடினமான மணிகள் நிற்கின்றன என்றால் பொலியெஸ்டர் கொட்டன் கலப்பு. காற்சட்டைத் துணிகளில் பொலியெஸ்டர் விஸ்கோஸ் கலப்பும் அதிகம். நூலைச் சிறிது அவிழ்த்து ஈரச் சோதனையையும் செய்து பாருங்கள், ஆனால் கலப்பில் அது தெளிவாகச் சொல்லாது. விகிதத்தை வீட்டில் அறிய முடியாது. அதற்கு ஆய்வுகூடத்தில் அமிலத்தால் ஒரு நாரைக் கரைத்து மிச்சத்தை நிறுக்க வேண்டும். பற்றறி அமிலத்தை வைத்து அதை வீட்டில் செய்ய எவரும் முயலக்கூடாது. தையலுக்கு விகிதம் அவ்வளவு தேவையும் இல்லை. கலப்பில் எந்த நார் சூட்டுக்குப் பயப்படுகிறதோ அதற்கு ஏற்ப அயன் வையுங்கள், எந்த நார் சுருங்குகிறதோ அதற்கு ஏற்ப முன்தோய்ச்சல் செய்யுங்கள்.

வெள்ளைப் பாடசாலைச் சீருடைத் துணி?

இரு திசை நூலையும் எரியுங்கள். பெரும்பாலும் கலப்பாக இருக்கும். கலப்பு மடிப்பைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் மடிப்புப் பாவாடைக்கு நல்லது. முழுக் கொட்டன் மடிப்பு ஒவ்வொரு தோய்ச்சலிலும் குலையும். பங்குனி, சித்திரை வெயிலில் முழுப் பொலியெஸ்டர் சேட் பிள்ளைக்கு அவதிதான். தெரிந்தெடுக்க முடிந்தால் சேட்டுக்குக் கொட்டன் கூடியதையும் கீழுடுப்புக்குக் கலப்பையும் எடுங்கள்.

கம்பளியா அக்ரிலிக்கா?

எரித்தாலே தெரிந்துவிடும். எரிக்க விருப்பமில்லாவிட்டால் சோடியம் ஹைப்போகுளோரைற்று என்று எழுதியுள்ள வெளிற்றும் திரவத்தில் ஒரு நூலைப் போடுங்கள். கம்பளியும் பட்டும் அரை மணித்தியாலத்துக்குள் கரைந்துபோகும். அக்ரிலிக், கொட்டன், பொலியெஸ்டர் கரையா. இந்தத் திரவத்துடன் வினாகிரியோ கழிவறை கழுவும் அமிலமோ சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கழுவிய கிளாசை வேறு வேலைக்கு எடுக்க வேண்டாம்.

லைனிங் துணி மினுங்குகிறது. அசிற்றேற்றா?

கியூடெக்ஸ் அழிக்கும் திரவத்தில் அசிற்றோன் இருக்கிறதா என்று போத்தலில் வாசியுங்கள். அசிற்றோன் இல்லாத வகைகளும் விற்கிறார்கள், அவை இதற்கு உதவா. வெட்டியெடுத்த துணுக்கில் இரண்டு சொட்டு விட்டு ஊசி முனையால் கிண்டினால் அசிற்றேற்று பசையாகிக் கரையும், மற்றவை அப்படியே கிடக்கும். உடுப்பின்மேல் நேரே விடாதீர்கள், ஓட்டை விழும். எரிக்கும் சோதனை முழுதாக முடிந்து லைற்றரை அப்பால் வைத்த பிறகே இந்தப் போத்தலைத் திறவுங்கள். ஆவியே தீப்பிடிக்கும்.

சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தால்?

பூச்சையும் சாயத்தையும் முதலில் சந்தேகியுங்கள். கஞ்சி போட்ட மெல்லிய பொலியெஸ்டர் கடதாசி மணம் தரலாம். கஞ்சி இருக்கிறதா என்று பார்க்க மருந்துக்கடை அயடினை ஐந்து மடங்கு தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விடுங்கள், கருநீலமானால் கஞ்சி. பற்றிக் துணியில் மிஞ்சிய மெழுகு தனியாக எரிந்து எல்லாவற்றையும் குழப்பும். துண்டைக் கொதிநீரில் போட்டு மெழுகை மிதக்கவிட்டு எடுத்துப் பிறகு சோதியுங்கள். மழைக்கோட்டுத் துணி, பையின் உட்பூச்சு போன்றவற்றில் பிளாஸ்டிக் படலம் இருக்கும். அங்கே நெய்த பக்கத்திலிருந்து நூலை உருவுங்கள். பழைய உடுப்பைப் பிரித்து எடுத்த துணியென்றால் தையல் நூலைத் துணி நூலென்று எடுத்துவிடாதீர்கள். தையல் நூல் பெரும்பாலும் பொலியெஸ்டர். அதே காரணத்தால் கொட்டன் சட்டைக்குச் சாயம் போட்டால் துணி நிறம் மாறும், தையல் பழைய நிறத்திலேயே நிற்கும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி பார்க்க வாய்ப்பிருந்தால் 100 மடங்குப் பெருக்கமே போதும். கொட்டன் முறுக்கிய நாடாவாகத் தெரியும், கம்பளியில் செதில் இருக்கும், லினனில் இடைக்கிடை கணு தெரியும், பொலியெஸ்டரும் நைலோனும் கண்ணாடிக் கம்பியாக நேராக இருக்கும்.

நார் தெரிந்துவிட்டது. அயனையும் ஊசியையும் எப்படி வைப்பது?

அயனில் ஒரு புள்ளி 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 பாகை செல்சியஸ் அளவில். நைலோன், அக்ரிலிக், அசிற்றேற்று ஒரு புள்ளி. பொலியெஸ்டர், பட்டு, கம்பளி இரண்டு. கொட்டனும் லினனும் மூன்று. ரேயோனை இரண்டில் மறுபக்கத்திலிருந்து பண்ணுங்கள். ஒட்டுக் கன்வஸ் பொலியெஸ்டரில் ஒட்டாமல் உரிகிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். சூட்டைக் கூட்டினால் துணி போய்விடும். ஈரத்துணியை மேலே வைத்து, அயனை இழுக்காமல், ஒரு இடத்தில் 12 முதல் 15 விநாடி அழுத்தித் தூக்கிவையுங்கள், ஆறும்வரை அசைக்காதீர்கள். அதற்கும் ஒட்டாவிட்டால் தைக்கும் கன்வஸ்தான் வழி.

மெல்லிய பட்டுக்கும் பொலியெஸ்டர் சட்டினுக்கும் 9 அல்லது 11ஆம் இலக்கப் புது ஊசி. முனை மழுங்கிய ஊசி இழையை இழுத்துக் கோடு விழுத்தும். சாதாரண கொட்டனுக்கு 14, ஜீன்சுக்கு 16. லைக்ரா சேர்ந்த பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி இல்லாவிட்டால் தையல் தாவும்.

எல்லாம் செய்தும் பிடிபடவில்லை. துணியை என்ன செய்வது?

நாரின் பெயர் தெரியாவிட்டாலும் துணியின் நடத்தையை அளந்துவிடலாம். 50 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை நூலால் குறித்து, எப்படித் தோய்ப்பீர்களோ அப்படியே தோய்த்துக் காயவைத்து மறுபடி அளவெடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால் 2 சதவீதச் சுருக்கம். பாவுத் திசையையும் ஊடைத் திசையையும் தனித்தனியே எழுதுங்கள். பாவுதான் பெரும்பாலும் கூடச் சுருங்கும். அயனை ஒரு புள்ளியில் தொடங்கி, ஒரு மூலையில் 5 விநாடி வைத்துப் பார்த்துப் படிப்படியாக ஏற்றுங்கள். மினுங்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நில்லுங்கள். வெள்ளைத் துணியொன்றை நனைத்து அழுத்திச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள்.

அதன்பிறகு பை, மெத்தையுறை, யன்னல் திரை என்று தைக்கலாம், அடுப்படி யன்னலைத் தவிர. கைக்குழந்தை உடுப்பு, அடுப்படிப் பிடிதுணி, சமைக்கும்போது உடுக்கும் நைற்றி ஆகியவற்றுக்கு இந்தத் துணி வேண்டாம். அவற்றுக்குக் கொட்டன் என்று சோதித்து உறுதியான துணியையே எடுங்கள்.